அண்ணன் வெட்டிய கரை

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், அண்ணனிடம் பால் வாங்கிய வீட்டாருக்கும், காட்டு நிலத்தில் அவரோடு மண் சுமந்தவர்களுக்கும் இந்தச் சிறு மலரைக் கொடுக்கிறோம். அண்ணனைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் விட்டுவிட்டார். உனக்குத்தான் வாய் ஓயாது, நீயே எழுது என்றார். அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

எழுத உட்கார்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. கருமாதிக்கு வந்த நம்மவர்கள் சிலர் குளத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கலுங்கு என்று ஒன்று வேண்டியதுதான், ஆனால் ஒரு வண்டியே போகிற அளவுக்கு எதற்கு, பாதித் தண்ணீர் வீணாகப் போகிறதே, நாலு கூடை மண்ணைப் போட்டு அடைத்தால் என்ன என்று கேட்டார்கள். நான் அப்போது பதில் பேசவில்லை. பேசினால் எல்லாவற்றையும் பேசவேண்டி வரும். அதே இடத்தில் முன்பு இருந்த குளம் கரை உடைந்து போனது என்றுதான் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். கரை உடையவில்லை. அண்ணன் வெட்டினார். தாம் இருக்கும்வரை இதை வெளியில் சொல்லக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இனிமேல் சொல்லலாம். சொல்லாமல் விட்டால், உங்களில் யாராவது நல்ல மனதோடு அந்த நாலு கூடை மண்ணைக் கொட்டிவிடுவீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணன் பிறந்தது சிவகங்கைச் சீமையில் ஒரு சிறு ஊர். மழையை நம்பிக் கண்மாய், கண்மாயை நம்பி ஊர் என்று இருந்த இடம். அப்பா முன்னதாகவே மலாக்காவுக்கு வந்து ஒருவர் பட்டியில் மாடு பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் அண்ணனும் ஊரில் இருந்தார்கள். அண்ணன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு வருஷம் மழை பொய்த்துக் கண்மாய் வற்றிப்போனது. நடுவில் மிஞ்சியிருந்த சேற்றுக்குள் தாகத்தோடு இறங்கிய எங்கள் வீட்டு எருமை, கால் புதைந்து அப்படியே நின்றுவிட்டதாம். கயிறு போட்டு இழுத்தும் வரவில்லை. அது கத்திக்கொண்டே இருந்ததைக் கரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் அண்ணன். இதை அவர் எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கத்தல் நின்ற இடம் வரும்போது மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். அந்த வருஷமே அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு அண்ணனோடு கப்பல் ஏறினார்.

நான் மலாக்காவில் பிறந்தவள், காஜா பெராங்கில். வறட்சி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. மத்தியானம் வெயில் மண்டையைப் பிளக்கும், பொழுது சாயும் முன் மழை கொட்டும், சாக்கடை பொங்கி வாசற்படி ஏறும். எனக்குத் தெரிந்த தண்ணீர் எப்போது பார்த்தாலும் வீட்டுக்குள் நுழையப் பார்க்கிற தண்ணீர். அதனால் அண்ணனுக்குத் தண்ணீர் போய்விடுமே என்று பயம், எனக்குத் தண்ணீர் வந்துவிடுமே என்று பயம். ஒரே வயிற்றில் பிறந்தும் இந்த ஒன்றில் மட்டும் எங்கள் இருவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

அப்பா காய்ச்சலில் போனபின் எருமைகளும் நானும் அண்ணன் பொறுப்புக்கு வந்தோம். அம்மாவையும் அடுத்த சில வருஷங்களில் இழந்தோம். அண்ணன் விடியும் முன் பால் கறந்து, தோளில் காவடித் தண்டு போட்டுத் தூக்குகளைத் தொங்கவிட்டுக்கொண்டு புறப்படுவார். கம்போங் செட்டியில், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் நம்மவர் வீடுகளில் தமிழ் பேசமாட்டார்கள், அவர்கள் பேச்செல்லாம் அவர்களுடைய மலாய். ஆனாலும் பொங்கலுக்கும் கோயில் அபிஷேகத்துக்கும் பால் அண்ணனிடம்தான். அவர்கள் பேச்சிலேயே பேசி, அவர்கள் கேலியையே திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார். அண்ணன் பாலில் தண்ணீர் கலந்தார் என்று யாரும் சொன்னதில்லை. நேர்மை ஒருபுறம் இருக்கட்டும், தண்ணீரை அப்படிச் செலவழிக்க அவருக்கு மனம் வராது என்று அண்ணி சொல்வார். எனக்கும் அதுதான் சரியென்று படும். குளிக்கிற தண்ணீரில் கால்வாசியை எருமைக்கு மிச்சம் வைக்கிறவர் அவர்.

என்னை ஒரு நல்ல இடத்தில், அதுவும் தம் வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளியே கட்டிக்கொடுத்தார். தூரத்தில் கொடுத்தால் நான் நாள்தோறும் பயந்துகொண்டு ஆள் அனுப்புவேன் என்பது அவருக்குத் தெரியும். அடுப்பில் வைத்த பால் பொங்கும் முன்பே பொங்கிவிட்டதாக நினைத்து ஓடுகிறவள் நான். அதனால் என் பேச்சுக்கு அண்ணனிடம் அவ்வளவு மதிப்பு இருந்ததில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பிறகு, மாட்டுப் பட்டிகள் நகருக்குள் இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஈயும் கொசுவும் நோயும் என்று காரணம் சொன்னார்கள். பால்காரர்கள் சிலர் எருமைகளைக் கறிக்குக் கொடுத்துவிட்டு வேறு வேலை தேடிப் போனார்கள். அண்ணன் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் ஆயர் குரோ பக்கம், தார்ச் சடக்கை விட்டு உள்ளே நடந்து போகிற தூரத்தில், யாரும் சீந்தாத ஒரு காட்டு நிலத்தைப் பிடித்தார். இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் பள்ளம், பள்ளத்தில் ஒரு சிற்றோடை. முதல் தடவை பார்த்தபோதே திரும்பிப் போய்விடலாம் என்றேன். கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள், நடந்தால் காலில் அட்டை, இருட்டினால் புலி வரும் என்று பேச்சு. அண்ணனுக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. ஓடை தை, மாசியில் நூலாகிவிடும் என்று பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவருடைய கவலை அது ஒன்றுதான்.

எருமை தண்ணீரில் கிடக்கவேண்டிய ஜீவன். கிடக்க இடமில்லாவிட்டால் தோல் வெடிக்கும், பால் வற்றும். பள்ளத்தின் வாயில் குறுக்கே கரை போட்டு ஓடையை நிறுத்திவிட்டால் மேலே ஒரு கண்மாயே நிற்கும் என்று அண்ணன் முடிவு செய்தார். குளம் என்றுகூடச் சொல்லமாட்டார், கண்மாய் என்றுதான் சொல்வார்.

அது ரப்பர் விலை விழுந்திருந்த காலம். தோட்டத்தில் வேலை நின்று, ஊருக்கும் போகமுடியாமல் சடக்கோரம் உட்கார்ந்திருந்த நம் ஆட்களை அண்ணன் கூட்டிவந்தார். சோறும், கறந்த பாலும், இயன்ற கூலியும் கொடுத்தார். அவர்களில் கருப்பையா என்பவர் கடைசிவரை அண்ணனோடே இருந்துவிட்டார். இன்றும் எருமைகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள், கட்டைகளை எரித்தார்கள். கரை வரப்போகிற இடத்தில் அடிக்கட்டைகளை அப்படியே விட்டுவிடலாம் என்று எல்லோரும் சொன்னபோது அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. வேர் உள்ளே கிடந்து மக்கினால் கரைக்குள் வளை விழும் என்று ஒவ்வொரு வேராகத் தோண்டி எடுக்கவைத்தார். களிமண்ணை ஓர் அடுக்குக் கொட்டுவதும், எருமைகளை அதன்மேல் ஏற்றி நாள் முழுதும் மிதிக்கவிடுவதும், பிறகு அடுத்த அடுக்கு கொட்டுவதுமாகக் கரை உயர்ந்தது. ஆட்களுக்கு மாறி மாறிக் குளிர்காய்ச்சல் வந்தது. அண்ணி காஜா பெராங்கிலிருந்து கொயினா மருந்தும் கஞ்சியும் சுமந்துகொண்டு போவார். அண்ணனும் படுத்து எழுந்தார். அந்த நாட்களில் யார் கதவைத் தட்டினாலும் கெட்ட செய்தி என்றே நினைத்து எழுவேன்.

கரை முடிந்து, ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறி, எருமைகள் முதன்முதலாக இறங்கிய நாளில் அண்ணன் சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மூக்கு மட்டும் வெளியே தெரிய அவை கிடந்தன. கரைமேல் நின்று பார்த்தால் தண்ணீர் மறுகரை மரங்கள் வரை போயிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நான் கரைக்கு இந்தப்பக்கம் கீழே பார்த்தேன். பள்ளம் இறங்கிப் போகிற வழியில், ஓடைக் கரையிலேயே, அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு மலாய்க்காரர் வீடு இருந்தது.

அந்த வீடு மாக் திமாவுடையது. கணவர் இல்லாமல், மகளையும் மருமகனையும் வைத்துக்கொண்டு நெல்லும் கோழியுமாக வாழ்ந்தவர். அண்ணன் கரை போட்டுக்கொண்டிருந்தபோதே வந்து கேட்டாராம், மேலே இவ்வளவு தண்ணீர் நின்றால் எங்களுக்கு ஒன்றும் ஆகாதே என்று. அண்ணன் அவரைக் கைப்பிடித்து அழைத்துப்போய்க் கரையைக் காட்டி, மேலே குதிக்கச் சொல்லி, இது உடையாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து மாக் திமாவுக்கு அண்ணன்மேல் மலையளவு நம்பிக்கை. வாழைக்குலையும் பலாப்பழமும் மேலே வரும், தயிர் கீழே போகும்.

இப்போது கலுங்கு விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்ப்பக்கம் கலுங்கில் குத்துக்கற்களை வரிசையாக நட்டு வைப்பார்களாம். மழைக்காலம் முழுதும் மிச்சத் தண்ணீர் கற்களுக்கு நடுவே வழிந்துபோகும். கார்த்திகை போய் மார்கழி வந்ததும் ஊர் கூடித் தேங்காய் உடைத்து, கல்லுக்குக் கல் இடையில் வைக்கோலும் மண்ணும் வைத்து அடைத்துவிடுவார்கள். இனி ஆடி வரைக்கும் மழை இல்லை. அடைத்தால் இன்னும் ஒரு முழத் தண்ணீர் நிற்கும். அந்த ஒரு முழம்தான் கோடையில் ஊரைக் காப்பாற்றும். அண்ணனும் தம் கலுங்கைச் சின்னதாக வைத்து, கல் நட்டு, மார்கழியில் சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்து, வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்தார். வலுவுக்கு முன்னால் மரக்கட்டைகளையும் அடுக்கினார்.

இது மலாக்கா. இங்கே தை, மாசியில் சற்று ஓயும் மழை பங்குனி, சித்திரையில் இடியோடு திரும்பி வரும். அண்ணனுக்கு இது தெரியாததா? சின்ன வயதிலிருந்து இந்த மழையில் நனைந்தவர். பால் ஊற்றப் போகும்போது சித்திரையிலும் குடை எடுத்துக்கொண்டு போகிறவர், குளத்துக்கு மட்டும் ஊர்ப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டார். தண்ணீர் என்று வந்துவிட்டால் அவர் மலாக்காவில் இல்லை, வற்றின அந்தக் கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லிப் பார்த்தேன். கம்போங் செட்டிப் பெண்கள்கூடக் கேலி செய்தார்கள். அண்ணன் எங்களை எல்லாம் ஒரே பதிலில் முடித்துவிடுவார்.

"இந்தத் தண்ணிய விட்டுட்டு, நாளைக்கு எருமைக்கு என்னத்த காட்டுவ? ஒன் கண்ணீரையா?"

முதல் இரண்டொரு வருஷம் சித்திரை மழை லேசாகப் போனது. அது எங்கள் அதிர்ஷ்டம் என்று நான் நினைத்தேன், தம் கணக்கு சரி என்று அண்ணன் நினைத்தார். அவ்வப்போது மேகம் கருத்தால் அண்ணன் நிலத்துக்கு ஓடுவார். மழைக்காவது வீட்டில் இருப்பாரென்று பார்த்தால் மழை வந்தால்தான் ஓடுகிறார் என்று அண்ணி அலுத்துக்கொள்வார். ஓடியவர் கலுங்கைத் திறக்கப் போனதாக நினைக்காதீர்கள். அடைப்பு கசிகிறதா, கசிந்தால் இன்னும் கொஞ்சம் மண் வைக்கலாமா என்று பார்க்கப் போனவர் அவர்.

அந்த வருஷம் சித்திரை பிறந்த மறுவாரம் நாங்கள் எல்லோரும் நிலத்து வீட்டில் இருந்தோம். மழை பிடித்தது. விட்டு விட்டுப் பெய்கிற மழை அல்ல, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. குளத்தின் தண்ணீர் அடைப்பின் உச்சிக்கு வந்து, கரையின் மேல்விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. அண்ணனுக்கே முகம் மாறிவிட்டது. அவரும் என் வீட்டுக்காரரும் கருப்பையாவும் கலுங்குக்குப் போய்க் கட்டைகளை இழுத்துப் பார்த்தார்கள். தண்ணீர் அழுத்தத்தில் அவை கல்லோடு கல்லாக இறுகிவிட்டிருந்தன. ஒரு கட்டை பிடுங்கிக்கொண்டு வந்ததில் கருப்பையா தலைகுப்புற விழுந்து பிழைத்தார். மற்றவை அசையவில்லை.

நான் கரையின் வெளிப்பக்கம் இறங்கிப் பார்த்தேன். அண்ணன் முன்பு எனக்கு ஒன்று சொல்லியிருந்தார். கரைக்கு வெளியே தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை, எந்தக் கரையும் கொஞ்சம் வேர்க்கும். கலங்கின தண்ணீர் கசிந்தால் கரை உள்ளே கரைகிறது என்று அர்த்தம். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். கரையின் நடுவில், அடியிலிருந்து ஓர் ஆள் உயரத்தில், தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அது எங்கள் வீட்டுக் காப்பி நிறத்தில் இருந்தது. எந்த வேர் எங்கள் கண்ணுக்குத் தப்பியதோ, தெரியாது.

மேலே ஏறி அண்ணனிடம் போனேன். ஏறின வேகத்தில் பேச மூச்சு வரவில்லை.

"அண்ணே, வெளிப்பக்கம் கலங்கலா வருது."

"ஒனக்கு எப்பவும் கலங்கலாத்தான் தெரியும்" என்றார், என்னைப் பார்க்காமலே. நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னால் முடியவில்லை. நான் பதில் பேசாததுதான் அவரைத் திரும்பிப் பார்க்கவைத்தது என்று நினைக்கிறேன். என் முகத்தைப் பார்த்தார், சரிவில் இறங்கினார், அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம், ஓடிப்போய் மாக் திமா வீட்டாரை மேலே கூட்டி வா என்றார்.

ஓடினேன். சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து போனேன். அங்கே போன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது, மாக் திமாவின் மகள் பிரசவித்து இன்னும் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவர்களுக்கு அது பந்தாங் காலம். பிள்ளை பெற்றவள் நாற்பத்துநான்கு நாள் வரைக்கும் வெளியே கால் வைக்கக்கூடாது, குளிர்ந்த தரை மிதிக்கக்கூடாது, கட்டிலுக்குப் பக்கத்தில் நெருப்பு வைத்துச் சூட்டில் படுத்திருக்கவேண்டும். நம்மவர்கள் தீட்டுக்காலத்தைக் காப்பது போல, இன்னும் கண்டிப்பாகக் காப்பார்கள். மகள் வயிற்றில் துணி இறுக்கிக் கட்டிப் படுத்திருந்தாள். பிள்ளை துணித்தொட்டிலில் தூங்கியது. மருமகன் ஊரில் இல்லை. தண்ணீர் ஏறுகிறது, கரை கசிகிறது, அண்ணன் கூட்டிவரச் சொன்னார், தூக்கிக்கொண்டாவது போய்விடலாம் என்று மலாயில் கெஞ்சினேன். மாக் திமா என் தலையைத் துணியால் துடைத்துவிட்டார். இந்த மழையில் பச்சை உடம்புக்காரியை எடுத்துப்போனால் ஜன்னி வந்து செத்துப்போவாள் என்றார். பிறகு என் தோளைத் தட்டி,

"ஒங்க அண்ணன் கட்டின கரை இது. என்னைய மேல நிக்கவச்சுக் குதிக்கச் சொன்னாரு. எங்களுக்கு என்ன பயம்? நீதான் பயந்த புள்ள" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சொன்ன மலாயை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதியிருக்கிறேன். அந்தச் சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டை விட்டு ஏறி வரும்போது நான் வாய்விட்டு அழுதேன்.

அண்ணன் கரைமேல் நின்றிருந்தார். மாக் திமா சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் சொன்னேன்.

"குதிக்கச் சொன்னேனே, அதையா சொன்னாங்க?"

"ஆமாண்ணே."

சிறிது நேரம் தண்ணீரையே பார்த்தார். மறுகரை மரங்கள் வரை கிடந்த அந்தத் தண்ணீரை, எத்தனையோ பேர் காய்ச்சலில் படுத்து எழுந்து நிறுத்திய தண்ணீரை. பிறகு கருப்பையாவைப் பார்த்து, மண்வெட்டி கொண்டு வா என்றார்.

கரையின் இடதுகோடியில் மேடு சற்றுத் தாழ்ந்து, அதற்கப்பால் நிலம் வேறு பக்கமாகச் சரிந்து ஒரு சதுப்புக் காட்டுக்குள் இறங்குகிறது. அங்கே வெட்டினால் தண்ணீர் வீட்டுப் பக்கம் போகாது. ஆனால் ஒரு முறை வெட்டிவிட்டால் நிறுத்தமுடியாது. ஒரு கோடு கிழித்த மாதிரி போகத் தொடங்குகிற தண்ணீர், கரையைத் தின்றுகொண்டே அகலமாகும். குளம் மிஞ்சாது. இதை அண்ணன் அறிவார், மற்றவர்களும் அறிவார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம், மழை விட்டாலும் விடும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அண்ணன் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். முதல் வெட்டை அவரே வெட்டினார். தாம் மிதிக்கவைத்த மண் என்பதால் அது லேசில் விடவில்லை. மூன்று பேரும் மாறி மாறி வெட்டினார்கள். நானும் அண்ணியும் கையால் மண்ணை அள்ளிப் போட்டோம். என் கண் முழுதும் கரையின் நடுப்பகுதியில்தான் இருந்தது. அந்தக் கசிவு இப்போது கை கனத்துக்கு ஆகியிருந்தது. எது முந்தும் என்று தெரியாமல் மண் அள்ளிய அந்த நேரத்தைப் போல ஒரு நேரம் என் வாழ்வில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிறகு தண்ணீர் வழி கண்டுகொண்டது. அண்ணன் எங்களைப் பின்னுக்குத் தள்ளினார். நாங்கள் நின்ற இடமே இடிந்து போனது. சதுப்புக் காட்டில் மரங்கள் சாயும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குளத்தில் மட்டம் இறங்க இறங்க, நடுவில் வந்த கலங்கல் மெலிந்து, கடைசியில் நின்றது. அது நின்றபோது நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே மாக் திமா வீட்டுக் கூரையிலிருந்து அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

பொழுது சாய்வதற்குள் குளம் சேறாகிவிட்டது. எருமைகள் ஓரத்தில் நின்று உள்ளே இறங்கலாமா என்று தயங்கின. சேற்றில் சிக்கிவிடுமோ என்று பயந்து, ஒவ்வொன்றாகக் கழுத்தில் கயிறு போட்டு அண்ணனே மேலே இழுத்துக் கட்டினார். அப்போதுதான் அழுதார். அண்ணி தம் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, சோறு ஆறுகிறது, வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மாக் திமாவும் அக்கம்பக்கத்து மலாய்க்காரர்களும் அரிசியும் கருவாடும் எடுத்துக்கொண்டு துக்கம் கேட்க வந்தார்கள். கரை உடைந்துவிட்டதாம், நல்லவேளை அந்தப் பக்கமாக உடைந்தது, கடவுள் கருணை என்றார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். காஜா பெராங்கிலும் அதே பேச்சு. பால்காரர் கட்டின கரை ஒரு மழைக்குத் தாங்கவில்லை, எருமையை வைத்து மிதித்தால் இப்படித்தான் என்று சிலர் சிரித்தார்கள். அந்தப் பேச்சுக்கெல்லாம் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் என்ன என்று சண்டைக்குப் போனேன்.

"வெட்டுனதச் சொன்னா அடைச்சதயும் சொல்லணும். புள்ளத்தாச்சி வீட்டுக்கு மேல ஒரு மொழத் தண்ணிக்கு ஆசப்பட்டு நின்னேன்னு சொல்லணும். நான் இருக்கிற வரைக்கும் வேணாம்மா" என்றார். அதன்பின் நான் கேட்கவில்லை.

மறுபடி கட்டினார். அதற்குள் உடம்பு தளர்ந்துவிட்டது, ஆட்களும் குறைவு, எருமைகளில் பாதியை விற்கவேண்டி வந்தது. ஆனாலும் கட்டினார். இந்தத் தடவை கரையைத் தொடும் முன் கலுங்கைக் கட்டினார். நீங்கள் பார்த்த அகலத்துக்கு, தாழ்வாக, கல் பாவி, தண்ணீர் சதுப்புப் பக்கமாகவே போகும்படி. குத்துக்கல் ஒன்றுகூட நடவில்லை. குளம் முன்பு இருந்ததில் பாதிதான் நிற்கிறது. அது தவறி அமைந்ததல்ல, அண்ணன் அப்படித்தான் வேண்டும் என்று அமைத்தது.

கடைசி மாதங்களில் நெஞ்சுச்சளி கட்டி மூச்சுக்குத் தவித்தார். நிலத்து வீட்டில்தான் படுத்திருப்பேன் என்று பிடிவாதம். ஒரு நாள் மத்தியானம் நல்ல மழை. கலுங்கில் தண்ணீர் விழும் இரைச்சல் வீடு வரைக்கும் கேட்டது. வழிகிறதா என்று சைகையில் கேட்டார். வழிகிறது அண்ணே என்றேன். "போகட்டும்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் இருந்தார். தண்ணீரைப் பற்றி வேறு ஒன்றும் பேசவில்லை.

அண்ணனின் நோய்க்காலத்தில் முகம் சுளிக்காமல் நிலம் வரை நடந்து வந்து மருந்து கொடுத்த டிரஸ்ஸர் ஐயாவுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பிய கம்போங் செட்டித் தாய்மார்களுக்கும், அண்ணனைச் சுமந்த தோள்களுக்கும், சொந்த மகன் போல் பக்கத்திலேயே கிடந்த கருப்பையாவுக்கும், வந்து நின்ற, வர முடியாமல் சொல்லி அனுப்பிய எல்லோருக்கும் எங்கள் குடும்பம் தலைவணங்கி நன்றி சொல்கிறது. மாக் திமாவுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். தமிழ் படிக்கத் தெரியாதவர் என்பதால் கருமாதி முடிந்ததும் நேரிலேயே போய் எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் கோழி துரத்திக்கொண்டிருந்த பேத்தியைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார். அந்த வழியை மட்டும் யாரும் அடைக்காமல் பார்த்துக்கொள் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆகவே உறவினர்கள் தயவுசெய்து அந்த நாலு கூடை மண்ணை வேறு எங்காவது கொட்டுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இந்த வருஷம் மாசி பாதி வரைக்கும் மழையே இல்லை. ஓடை நின்றுவிட்டது. குளம் நாளுக்கு நாள் உள்வாங்கி, சுற்றிலும் சேறு வெடித்தது. எருமைகள் நடுவில் நெருக்கிக்கொண்டு கிடந்தன. அதில் ஒன்று எழ முயன்று, கால் வராமல், கத்தியது. கருப்பையா ஓடிப்போய்த் தூக்கிவிட்டார், அது ஏறி வந்துவிட்டது. ஆனால் அந்தக் கத்தல் என்னை விட்டுப் போகவில்லை. அன்று சாயங்காலமே எங்கிருந்தோ ஒரு கருமேகம் வந்து, மூன்று நாள் விடாமல் பெய்தது. விட்டதும் நான் கலுங்குக்குப் போனேன். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. இன்னும் சற்று ஏறினால் வழிந்து காட்டுக்குள் போய்விடும். கொஞ்சமாக, ஒரு சாண் உயரத்துக்கு மட்டும், இந்த ஒரு மாதத்துக்கு மட்டும் அடைத்து வைத்தால் என்ன என்று நினைத்தேன். என் வாழ்நாளில் தண்ணீர் போய்விடுமே என்று நான் பயந்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் இந்தப் பயத்தை எத்தனை வருஷம் தனியாகச் சுமந்திருக்கிறார் என்று அப்போது தெரிந்தது. குனிந்து பார்த்தேன். என் கையில் ஒரு கட்டு வைக்கோல் இருந்தது. எப்போது போரிலிருந்து உருவினேன் என்றே எனக்கு நினைவில்லை.

அதை எருமைக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நினைவில் வாழும் அண்ணனுக்கு,
தங்கை
காஜா பெராங், மலாக்கா